கறுப்பு அங்கியிலிருந்து பின்னோக்கி: சட்டம் பயில விரும்பும் கிள்ளான் பள்ளத்தாக்கு மாணவர்களுக்குத் திறந்த மடல்

கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, பிரிக்பீல்ட்ஸ், காஜாங், ரவாங் ஆகிய ஊர்களில் ஐந்தாம் படிவத்தையோ ஆறாம் படிவத்தையோ முடித்துச் சட்டக் கல்விக்கு விண்ணப்பிக்க ஆயத்தமாகும் மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இம்மடல்.

தேர்வு முடிவுகள் வெளியாகும் பருவங்களில், சட்டம் பயில விரும்பும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மூன்று கேள்விகள் தவறாமல் எழுகின்றன: எத்தனை 'ஏ' வேண்டும், எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், கட்டணம் எவ்வளவு. மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆயினும் இவற்றுக்கு முன்னர் கேட்கப்பட வேண்டிய நான்காவது கேள்வி பல வீடுகளில் கேட்கப்படாமலே போய்விடுகிறது: குறிப்பிட்ட ஒரு தகுதியோடு குறிப்பிட்ட ஒரு பட்டப்படிப்பில் சேரும் மாணவர், அப்படிப்பை முடித்தபின் மலேசிய உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக ஏற்கப்படுவதற்குச் சட்டப்படி வழி இருக்கிறதா, இருந்தால் இடையில் எந்தெந்தத் தேர்வுகள் நிற்கின்றன என்பதே அது. சட்டப் பட்டம் பெற்றவர் அனைவரும் வழக்கறிஞர் ஆகிவிடுவதில்லை என்பதும், ஒரே பட்டத்தை வெவ்வேறு முன்தகுதிகளோடு படித்து முடித்த இருவரில் ஒருவருக்கு அடுத்த கதவு திறந்து மற்றவருக்கு மூடிக்கொள்ளக்கூடும் என்பதும் விண்ணப்பப் படிவத்தில் அச்சிடப்படுவதில்லை. ஆகவே விண்ணப்பத்துக்கான ஆயத்தம் பயணத்தின் முடிவிலிருந்து, அதாவது கறுப்பு அங்கியிலிருந்து, பின்னோக்கித் தொடங்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர் தொழிலை ஆளும் சட்டம் 1976ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டம் ஆகும். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு 'தகுதி பெற்றவர்' என்னும் சொல்லுக்கு இலக்கணம் வகுக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் பெற்றவரும், இங்கிலாந்தில் 'பாரிஸ்டர்' என ஏற்கப்பட்டவரும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளனர்; ஏனைய தகுதிகளை ஏற்பதும் மறுப்பதும் சட்டத்துறைத் தலைவரின் தலைமையில் இயங்கும் சட்டத்தொழில் தகுதி வாரியத்தின் பொறுப்பு. மலாய்மொழியில் 'லெம்பாகா கெலாயாக்கான்' என்று அழைக்கப்படும் இவ்வாரியத்தின் பெயரைக் கல்லூரிக் கண்காட்சிகளில் கேட்க வாய்ப்பில்லை; ஆனால் ஒரு மாணவரின் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்பதைக் கல்லூரியின் விளம்பரமோ பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் புகழோ தீர்மானிப்பதில்லை, இவ்வாரியமே தீர்மானிக்கிறது.

தகுதி பெற்றவர் என்னும் நிலையை அடைந்தபின்பும் ஒரு கட்டம் எஞ்சியிருக்கிறது. ஏழாண்டுகளுக்குக் குறையாமல் தொழில் நடத்திவரும் ஒரு வழக்கறிஞரிடம் ஒன்பது மாதங்கள் பயிற்சி பெற வேண்டும். பேச்சுவழக்கில் 'சேம்பரிங்' எனப்படுவது இதுவே. அதன்பின் உயர்நீதிமன்றத்தில் மனு அளித்து, பதினெட்டு வயது நிறைந்தவர், நன்னடத்தை உள்ளவர், மலேசியக் குடிமகன் அல்லது நிரந்தரவாசி என்பவற்றை மெய்ப்பித்து, வழக்கறிஞராக ஏற்கப்பட வேண்டும். இவ்வளவும் பதினேழு, பதினெட்டு வயது மாணவருக்குத் தொலைவில் இருப்பனவாகத் தோன்றலாம். எனினும் இவற்றுள் குடியுரிமையும், இவற்றோடு வேண்டப்படும் மொழித்தகுதி, முன்தகுதி ஆகியவையும் இன்று விண்ணப்பிக்கும் வேளையிலேயே தீர்மானமாகிவிடுகின்றன.

முதல் வழி அரசுப் பல்கலைக்கழகம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டப்புலம் 1972ஆம் ஆண்டில், அகமது இப்ராகிம் அவர்களை முதல் புலத் தலைவராகக் கொண்டு தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் சட்டம் பயில விரும்பிய மலாயாத் தமிழ்ப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கோ இலண்டனுக்கோ சென்றாக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், பிரிக்பீல்ட்ஸுக்கு அண்மையில் லெம்பா பந்தாயில் ஒரு சட்டப்புலம் அமைந்தது எத்தகைய மாற்றம் என்பது விளங்கும். பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும், கெடா சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகமும் சட்டப் பட்டம் வழங்குகின்றன. கோம்பாக்கில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், நீலாயில் உள்ள இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் சட்டப் படிப்புகள் இஸ்லாமியக் கல்வியை அடித்தளமாகக் கொண்டவை. ஷா ஆலமில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகள் பூமிபுத்ரா மாணவர்களுக்கு உரியவையாதலால், கிள்ளானிலிருந்து பார்த்தால் மிக அருகில் தெரியும் அச்சட்டப்புலம் தமிழ் மாணவரின் பட்டியலில் இடம்பெறுவதில்லை. இதனால் எஞ்சிய இடங்களுக்கான போட்டி கடுமையாகிறது. அக்கடுமையை முன்கூட்டியே அறிந்திருத்தல் மனம் தளர்வதற்காக அன்று, ஆயத்தத்தை ஓராண்டு முன்னதாகத் தொடங்குவதற்காகவே.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பம் 'யூ.பி.யூ.' என்னும் பொது இணையவழி ஏற்பாட்டின் மூலம் செல்கிறது. ஆறாம் படிவம் வழியாகவோ மெட்ரிகுலேஷன் வழியாகவோ வரும் மாணவரின் தரவரிசை, நூற்றில் தொண்ணூறு பங்கு கல்விப் புள்ளிகளையும் பத்துப் பங்கு புறப்பாட நடவடிக்கைகளையும் கொண்டு கணிக்கப்படுகிறது. நாலு புள்ளிச் சராசரிக்கு அருகில் பலர் நெருங்கி நிற்கும் துறையில் அந்தப் பத்துப் பங்கே ஒருவரை உள்ளே விடுவதும் வெளியே நிறுத்துவதுமாக ஆகிவிடுகிறது. சீருடை இயக்கத்தில் வகித்த பொறுப்பு, கழகத் தலைமை, மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ பெற்ற பரிசு ஆகியவற்றின் சான்றிதழ்கள் படிவம் நிரப்பும் வாரத்தில் தேடப்படுகின்றன. தமிழ் இயக்கங்கள் நடத்தும் பேச்சுப் போட்டியிலும் விவாதப் போட்டியிலும் கலந்துகொண்ட மாணவர், அவற்றின் சான்றிதழ்களைப் பள்ளியின் பதிவில் ஏற்றுவித்திருக்கிறாரா என்பதை ஆறாம் படிவத்தின் முதற் பருவத்திலேயே பார்த்துக்கொள்வது நலம். ஆறாம் படிவத்தில் எழுதப்படும் எஸ்.டி.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் ஒரு பாடமாக இருக்கிறது. அதில் பெறும் புள்ளியும் சராசரியில் சேர்வதால், சட்டம் படிக்கப் போகிறவருக்குத் தமிழ்ப் பாடம் எதற்கு என்று சொல்லி அதைக் கைவிடச் செய்யும் அறிவுரைக்கு ஆதாரம் ஏதும் இல்லை.

ஆங்கிலத் தகுதிக்கு 'மூயெட்' எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வு உண்டு. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என நான்கு பகுதிகளைக் கொண்ட இத்தேர்வில் சட்டத் துறைக்கு ஏனைய பல துறைகளைவிட உயர்ந்த தரம் கேட்கப்படுவது வழக்கம். ஒரே முயற்சியில் வேண்டிய தரம் வராவிட்டால் மறுமுறை எழுத இடம் உண்டு என்பதால், இத்தேர்வைக் கடைசி வாய்ப்புவரை தள்ளிப்போடாமல் இயன்றவரை முன்னரே எழுதிப் பார்ப்பது அறிவுடைமை. அதோடு, சட்டப்புலங்கள் புள்ளிகளை மட்டும் நம்பாமல் நேர்முகத் தேர்வும் நடத்துவதுண்டு.

இரண்டாம் வழி தனியார் கல்லூரி. தமிழ்க் குடும்பங்கள் பல ஏமாற்றம் அடைவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாக நோக்க வேண்டியிருக்கிறது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு முதல் வெளிநிலை மாணவர்களுக்குப் பட்டம் வழங்கி வருகிறது. அதாவது இலண்டனில் காலடி வைக்காமலே அப்பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதிப் பட்டம் பெற இயலும். வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புகளில் இப்பட்டத்துக்குப் படித்தவர்கள் மலேசிய வழக்கறிஞர்களிடையே பலர். கோவில்களும் பூக்கடைகளும் விவேகானந்தா ஆசிரமமும் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ், சட்டக் கல்விக்கும் பெயர்பெற்ற இடமானதில் இவ்வகுப்புகளுக்குப் பங்குண்டு. பின்னர் பெட்டாலிங் ஜெயாவில் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் ஏசியா கல்லூரி இன்றும் அவ்வட்டாரத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இதனோடு, முதல் இரண்டு ஆண்டுகளை இங்கும் கடைசி ஆண்டைப் பிரிட்டனிலும் படிக்கும் மாற்றுப் படிப்பு ஏற்பாடும் உண்டு.

இவ்வாறு வெளிநாட்டுச் சட்டப் பட்டம் பெற்றவர் மலேசியாவில் தொழில் நடத்த இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இங்கிலாந்துக்குச் சென்று அங்குள்ள வழக்கறிஞர் பயிற்சியை முடித்து, லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்னும் நான்கு சங்கங்களுள் ஒன்றின்வழி பாரிஸ்டராக ஏற்கப்படுவது. அங்கே தங்கும் செலவும் பயிற்சிக் கட்டணமும் சேர்ந்து இதை வசதியுள்ளோரின் வழியாக்கிவிட்டன. மற்றொன்று, மலேசியாவிலேயே தகுதி வாரியம் நடத்தும் சட்டத்தொழில் சான்றிதழ்த் தேர்வை எழுதுவது. 1984ஆம் ஆண்டு முதல் நடைபெறும் இத்தேர்வை எல்லாரும் 'சி.எல்.பி.' என்றே வழங்குகின்றனர். பொதுத்தாள், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில்முறை நடைமுறை என ஐந்து தாள்கள் கொண்ட இத்தேர்வு கடினமானது எனப் பெயர் பெற்றது. உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் ஏற்பளிக்கப்பட்ட சட்டப் பட்டம் பெற்றவருக்கு இத்தேர்வு இல்லை. வெளிநாட்டுப் பட்டதாரிக்கும் உள்நாட்டுப் பட்டதாரிக்கும் வேறு வேறு வாயில்கள் இருப்பது சரிதானா என்பது பற்றியும், அனைவருக்கும் பொதுவான ஒரே பயிற்சித் தேர்வு வேண்டும் என்பது பற்றியும் சட்டத் துறையில் நெடுங்காலமாக விவாதம் நடந்து வருகிறது. பொதுவான தேர்வே நியாயமானது என்று கொள்ள வலுவான காரணங்கள் உள்ளன. ஆனால் இன்று விண்ணப்பிக்கும் மாணவர், இன்று நடைமுறையில் உள்ள விதியின்படியே தம் வழியைத் தேர்ந்தாக வேண்டும்.

இங்கேதான் நான்காவது கேள்வி தன் முழுக் கனத்தோடு எழுகிறது. சி.எல்.பி. தேர்வு எழுத அனுமதிக்கும்போது தகுதி வாரியம் பட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் வாரியத்தின் பட்டியலில் இருக்கிறதா, பட்டம் எந்த வகுப்பில் பெறப்பட்டது, பட்டப்படிப்பில் மாணவர் எந்த முன்தகுதியோடு நுழைந்தார் என்பவற்றையும் சேர்த்தே பார்க்கிறது. எஸ்.டி.பி.எம்., 'ஏ லெவல்' போன்ற பொதுத் தேர்வுகளின் தகுதிக்கும், ஒரு கல்லூரி தானே நடத்தித் தானே மதிப்பிடும் அடிப்படைப் படிப்புக்கும் வாரியத்தின் கண்ணில் ஒரே மதிப்பு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாகாது. கல்லூரிக்கோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ அந்த அடிப்படைப் படிப்பு போதுமானதாக இருக்கலாம். மாணவர் சேர்க்கப்படலாம், மூன்றாண்டு படித்துப் பட்டமும் பெறலாம். அதற்குப் பின்னரே, சி.எல்.பி. விண்ணப்பத்தை நிரப்பும் நாளில், நுழைவுத் தகுதி ஏற்கப்படவில்லை என்னும் செய்தி வந்தால், செலவழிந்த பணத்தையும் ஆண்டுகளையும் மீட்டுத் தர எவராலும் இயலாது. பட்டத்தைப் பகுதிநேரமாகப் படிப்பதற்கும், ஒரு நாட்டில் தொடங்கி வேறொரு நாட்டில் முடிப்பதற்கும், இந்தியாவிலோ வேறெங்கோ சென்று சட்டம் படிப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆகவே பதிவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன்னர்ச் செய்யவேண்டிய வேலை ஒன்றே. மாணவரின் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு, அடுத்துப் படிக்கப் போகும் முன்தகுதிப் படிப்பின் பெயர், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயர், படிப்பின் கால அளவு, அது முழுநேரமா பகுதிநேரமா என்பது ஆகிய விவரங்களைக் குறித்துத் தகுதி வாரியத்துக்கு எழுதி, எழுத்து வடிவில் மறுமொழி பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். கல்லூரியின் சேர்க்கை அலுவலர் வாய்மொழியாகத் தரும் உறுதி, அவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு சொன்னாலும், வாரியத்தைக் கட்டுப்படுத்தாது. சட்டம் படிக்கப் போகும் ஒருவர் தம் வாழ்வில் முதன்முதலாகச் செய்யும் சட்டப் பணி இதுவே என்று கொள்வதிலும் தவறில்லை: சான்றை எழுத்தில் பெறுவது.

அடுத்து மொழி. வழக்கறிஞர் தொழிலுக்கு ஆங்கிலமே போதும் என்னும் எண்ணம் இன்னும் சில வீடுகளில் நிலவுகிறது. 1963/67ஆம் ஆண்டுகளின் தேசியமொழிச் சட்டங்களின் 8ஆம் பிரிவு, சாட்சி சொல்வதைத் தவிர்த்த நீதிமன்ற நடவடிக்கைகள் தேசியமொழியில் நடைபெற வேண்டும் என்றும், நீதியின் நலன் கருதி நீதிமன்றம் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் நடத்த ஆணையிடலாம் என்றும் கூறுகிறது. கிள்ளான் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பிணை மனு கேட்கும் இளம் வழக்கறிஞர் மலாய்மொழியில் தடையின்றி வாதாட வேண்டும். அவரே உயர்நீதிமன்றங்களின் பழைய தீர்ப்புகளை ஆங்கிலத்தில் நுணுகிப் படிக்கவும் வேண்டும். இதற்கேற்ப, 1984ஆம் ஆண்டு முதல் மலாய்மொழித் தகுதித் தேர்வில் தேறியவரோ அதிலிருந்து விலக்குப் பெற்றவரோ மட்டுமே வழக்கறிஞராக ஏற்கப்படுகிறார். அந்த விலக்குக்கு எஸ்.பி.எம். மலாய்மொழியில் பெறும் கிரெடிட் பெரிதும் உதவுகிறது. எஸ்.பி.எம். எழுதும் ஆண்டில் மலாய்மொழியில் தடுமாறும் மாணவர், பிற பாடங்களில் எவ்வளவு சிறந்திருந்தாலும், அதைச் சரிசெய்யாமல் சட்டத்தைப் பற்றிப் பேசுவது பயனற்றது.

தமிழுக்கும் இங்கே இடமுண்டு. சாட்சியம் எந்த மொழியிலும் அளிக்கப்படலாம் என்பதால், தோட்டத்தில் வளர்ந்து தமிழில் மட்டுமே தன் துன்பத்தை முழுமையாகச் சொல்லக்கூடிய ஒரு தாய், சாட்சிக் கூண்டில் தமிழில் பேச, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதை மலாய்மொழியில் நீதிபதிக்கு எடுத்துரைக்கிறார். அவ்விரண்டுக்கும் இடையில் ஒரு சொல் வழுவினால் அதை அக்கணமே உணர்ந்து எழுந்து நிற்கக்கூடியவர், தமிழும் மலாயும் அறிந்த வழக்கறிஞர்தாம். குடும்ப வழக்கு, விபத்து இழப்பீட்டு வழக்கு, தொழில் நீதிமன்ற வழக்கு ஆகியவற்றில் கட்சிக்காரர் தம் வீட்டு மொழியில் கதையைச் சொல்லும்போதுதான் வழக்குக்கு வேண்டிய விவரங்கள் வெளிவருகின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துப் பின் இடைநிலைப் பள்ளியிலும் தமிழை விடாமல் எஸ்.பி.எம். வரை கொண்டு வந்த மாணவர், நேர்முகத் தேர்வில் அதைக் கூச்சத்தோடு மறைக்க வேண்டியதில்லை. தொழிலுக்குரிய திறனாகவே அதை எடுத்துரைக்கலாம்.

ஆவணங்கள் பற்றிய பகுதி சிறியதாகத் தோன்றினும், மிகுந்த மனவேதனைக்குக் காரணமாவதும் இதுவே. பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டலும் அடையாள அட்டையில் வேறோர் எழுத்துக்கூட்டலும் தேர்வுச் சான்றிதழில் மூன்றாவதொன்றுமாக ஒரே பெயர் திரிந்து நிற்பது தமிழ்ப் பெயர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. மகன் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்', மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/பி' ஆகிய குறியீடுகள் ஓர் ஆவணத்தில் இருந்து மற்றொன்றில் விடுபடுவதும் உண்டு. இவற்றைத் தேசியப் பதிவு இலாகாவில் திருத்திக்கொள்ளக் காலம் பிடிக்கும். இடைக்காலத்தில் தேவைப்பட்டால், சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் 1960ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு சத்தியப் பிரமாணம் செய்து, மூன்று பெயர்களும் ஒரே நபரைக் குறிப்பன என்று அறிவிக்கலாம். அசல் சான்றிதழ்கள், உறுதி செய்யப்பட்ட படிகள், பள்ளி விடுகைச் சான்றிதழ், தலைமையாசிரியரின் நற்சான்று ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்திருக்கும் வீட்டில், கடைசி நாளின் பதற்றம் பாதியாகிவிடும்.

குடிமக்களுக்குரிய நீல அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினமானது. பெற்றோரின் திருமணம் பதியப்படாமையாலோ, பிறப்பு காலத்தோடு பதியப்படாமையாலோ, இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை உறுதியாகாமல் சிவப்பு அட்டையோடோ எந்த அட்டையும் இன்றியோ நிற்கும் தமிழ்ப் பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை குடிமக்களுக்கு உரியது. வழக்கறிஞராக ஏற்கப்படவும் குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ வேண்டும். கூட்டரசு அரசமைப்பின் 15ஏ பிரிவின்கீழ், சிறப்புச் சூழல்களில் இளவயதினரைக் குடிமக்களாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கு வயது வரம்பு இருப்பதால், ஆறாம் படிவம் முடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்தானது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுக இத்தகைய குடும்பங்கள் தயங்க வேண்டியதில்லை. படிப்பில் முதலிடம் பெறும் ஒரு பிள்ளை காகிதம் இல்லாமையால் நின்றுவிடுவது எவ்வகையிலும் பொறுக்கத்தக்கதன்று.

புள்ளிகளும் ஆவணங்களும் ஒழுங்கானபின் எஞ்சுவது, ஏன் சட்டம் என்னும் கேள்விக்கான விடை. நேர்முகத் தேர்வில் இது வாய்மொழியாகக் கேட்கப்படும். பிரிட்டனுக்கு நேரடியாக விண்ணப்பிப்போர் இதை எழுத்தில் தர வேண்டும். சமூகத்துக்குச் சேவை செய்ய வேண்டும், ஏழைகளுக்காகக் குரல் கொடுக்க வேண்டும் என்னும் விடைகள் உண்மையான உணர்விலிருந்தே வரலாம். ஆயினும் பலரும் அதே சொற்களில் அதையே சொல்வதால், கேட்பவர் அவற்றிலிருந்து ஒரு மாணவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய முடிவதில்லை. உணர்வை மெய்ப்பிக்க வேண்டியது விவரம். அந்த விவரத்துக்காக இம்மாணவர்கள் எங்கும் தொலைவில் தேட வேண்டியதில்லை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களை ஒருங்கிணைத்த ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, உயிர்கள் பறிபோயின. அதைப் பற்றித் தாத்தா பாட்டியரிடம் கேட்டறிந்த மாணவருக்கு, விசாரணையின்றி ஒருவரை அகற்றும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்னும் கேள்வி தானாகவே எழும். மலாயாவின் வழக்கறிஞர் மன்றத்துக்குத் தலைமை வகித்து, பின்னர் மலேசியாவின் ஐக்கிய நாடுகள் சபைப் பிரதிநிதியாக 1965இல் பாதுகாப்பு மன்றத்தின் தலைமையிருக்கையில் அமர்ந்த ஆர். ரமணி, 2007 முதல் 2009 வரை வழக்கறிஞர் மன்றத் தலைவராக இருந்து, 2007 செப்டம்பர் 26 அன்று புத்ராஜெயாவில் நீதித்துறையின் தூய்மைக்காக வழக்கறிஞர்களின் நடைப்பயணத்துக்குத் தலைமை ஏற்ற அம்பிகா சீனிவாசன், வழக்கறிஞராக இருந்து 1994இல் நேரே மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியான கோபால் ஸ்ரீராம் ஆகியோரின் பணியைப் படித்தறிவதும் பயன்தரும். அரசமைப்பின் 5ஆம் பிரிவில் உள்ள உயிர் என்னும் சொல் பிழைப்புக்கான உரிமையையும் உள்ளடக்கும் என்று கோபால் ஸ்ரீராம் 1996ஆம் ஆண்டின் தான் தெக் செங் வழக்கில் எழுதினார். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியரின் வழக்கு அது.

இவற்றையெல்லாம்விட அண்மையது எம். இந்திரா காந்தியின் வழக்கு. ஈப்போவைச் சேர்ந்த இவரது கணவர் 2009இல் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாயின் ஒப்புதல் இன்றி மதம் மாற்றினார். 2013இல் ஈப்போ உயர்நீதிமன்றம் தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, பிள்ளைகளின் மதமாற்றச் சான்றிதழ்கள் செல்லா என்றனர். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தை யார் தீர்மானிப்பது என்று கூறும் அரசமைப்பின் 12ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுக்குப் பெற்றோர் ஒருவரின் முடிவு போதுமா, இருவரின் ஒப்புதலும் வேண்டுமா என்பதும், நிர்வாகத்தின் செயலை ஆராயும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறிக்க முடியுமா என்பதும் அங்கே விவாதிக்கப்பட்டன. இத்தீர்ப்பை முழுதும் புரிந்துகொள்வது ஆறாம் படிவ மாணவருக்கு எளிதன்று; ஆனால் மூன்று நீதிமன்றங்கள் ஒரே வாசகத்தை எவ்வாறு வெவ்வேறாக வாசித்தன என்பதை மட்டும் பின்தொடர்ந்து, தம் சொற்களில் இரண்டு பக்கம் எழுதிப் பார்க்கும் மாணவர், சட்டம் தமக்கு உகந்ததா என்பதை எந்த வழிகாட்டிக் கருத்தரங்கிலும் அறிய முடியாத அளவுக்கு அறிந்துகொள்வார். அரசமைப்பின் 5 முதல் 13 வரையிலான பிரிவுகள் சில பக்கங்களில் அடங்கிவிடும். அவற்றை மலாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்துப் படிப்பது மொழிப் பயிற்சியாகவும் அமையும்.

நீதிமன்றத்தை நேரில் காண்பதும் இலவசமே. 1964ஆம் ஆண்டின் நீதிமன்றச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வழக்கு விசாரணை நடைபெறும் இடம் பொதுமக்களுக்குத் திறந்தது என்கிறது. பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கிள்ளானிலோ ஷா ஆலமிலோ கோலாலம்பூரின் ஜாலான் டூத்தாவிலோ பொதுமக்கள் இருக்கையில், ஒழுங்கான உடையோடும் அணைத்துவைத்த கைப்பேசியோடும் அமர்ந்து கவனிக்கும் மாணவர், வழக்கறிஞர் தொழிலின் பெரும்பகுதி காத்திருத்தலும் கோப்பைத் திருப்புதலும் தேதி வாங்குதலும் என்பதைக் காண்பார். அதைக் கண்ட பின்னும் ஆர்வம் குன்றாதவரின் விடையை நேர்முகத் தேர்வாளர் உடனே அடையாளம் காண்பர்.

பிரிட்டனுக்கு நேரடியாக விண்ணப்பிப்போர்க்குச் சில சொற்கள் போதும். அங்குள்ள பொது விண்ணப்ப ஏற்பாட்டில் 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் தன்விவரக் கட்டுரை மூன்று தனிக் கேள்விகளுக்கான விடையாக மாறியுள்ளது. அனைத்தும் சேர்ந்து நாலாயிரம் எழுத்துக்குறிகளுக்குள் அடங்க வேண்டும். ஆக்ஸ்போர்டு போன்ற சில பல்கலைக்கழகங்கள் 'எல்நாட்' என்னும் சட்ட நுழைவுத் தேர்வையும் கேட்கின்றன; 42 தெரிவு வினாக்களும் ஒரு கட்டுரையும் கொண்ட அத்தேர்வு சட்ட அறிவைச் சோதிப்பதன்று, ஒரு வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் திறனையே சோதிப்பது.

செலவைப் பற்றிப் பெற்றோர் கணக்கிடும்போது பட்டப்படிப்பின் கட்டணத்தோடு நிறுத்திவிடுகின்றனர். தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். கடனுதவியும், மலேசிய இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடன் வழங்க 1984இல் அமைக்கப்பட்ட எம்.ஐ.இ.டி. போன்றவற்றின் உதவியும் படிப்புக் காலத்துக்குத் துணை நிற்கலாம், ஆனால் சி.எல்.பி. வகுப்பும் தேர்வும் எடுக்கும் காலம், அதன்பின் சிறு உதவித்தொகையோடு சேம்பரிங் செய்யும் ஒன்பது மாதம் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கு முடிய வேண்டும். தம்பி தங்கையின் படிப்பு காத்திருக்கும் வீட்டில், அரசுப் பல்கலைக்கழக இடத்துக்காக ஆறாம் படிவத்தில் ஒன்றரை ஆண்டு கடுமையாக உழைப்பது எந்தக் கல்விக் கடனைக் காட்டிலும் பெரிய உதவியாக அமையும். ஆறாம் படிவம் பழைய வழி, நீண்ட வழி என்று பிள்ளைகளிடையே நிலவும் எண்ணம் மாற வேண்டும். நாட்டின் அரசுச் சட்டப்புலங்களுக்கும் வெளிநாட்டுச் சட்டப் பட்டங்களுக்கும் ஒருசேர உதவக்கூடிய தகுதி எஸ்.டி.பி.எம்.

முதல் முடிவில் இடம் கிடைக்காத மாணவர், அறிவிப்பு வந்த நாளிலேயே தனியார் கல்லூரிக்கு முன்பணம் கட்ட விரைய வேண்டியதில்லை. யூ.பி.யூ. முடிவுக்கு மேல்முறையீடு செய்யக் குறுகிய கால அவகாசம் தரப்படுகிறது. அதற்கான நாள்களை முடிவு வருவதற்கு முன்பே குறித்து வைத்து, அவ்வவகாசத்திலேயே தகுதி வாரியத்துக்கு எழுதிய கடிதத்தின் மறுமொழியையும் கையில் வைத்துக்கொண்டு மாற்று வழியைத் தீர்மானிக்கலாம். இவ்வேளையில் துணை நிற்கக்கூடியவர்கள் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அலுவலகம் நடத்தும் தமிழ் வழக்கறிஞர்கள். அவர்களுள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையைத் தம் பழைய பள்ளிக்கோ, 1980களிலிருந்து தமிழ் மாணவர்களுக்குத் துணைவகுப்பு நடத்திவரும் ஸ்ரீ முருகன் நிலையம் போன்ற அமைப்புக்கோ ஒதுக்கி, பத்து மாணவர்களின் சான்றிதழ்க் கோப்புகளைப் புரட்டிப் பார்த்து, எந்த வழியில் எந்தத் தடை வரும் என்று சொல்லித் தர முன்வர வேண்டும் என்று இம்மடல் அவர்களையும் கேட்டுக்கொள்கிறது. மாணவர்களும் அவர்களின் அழைப்புக்காகக் காத்திராமல், பெற்றோருடன் சென்று அலுவலகக் கதவைத் தட்டலாம்.